காவிரி தந்த மின்சாரமும் கழுத்தில் ஏறாத தங்கமும்

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டமும் நம் காரைக்குடியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. எட்டில் முதல் தடை, ஆதிதிராவிடர்கள் தங்கத்திலோ வெள்ளியிலோ நகை அணியக் கூடாது என்பது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் சூறையாடப்பட்டது, ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. இதையெல்லாம் நாம் கட்டிச் சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

எட்டும் போதவில்லை போலும். 1931 ஜூனில் பதினொன்று ஆக்கினார்கள். தங்க நகைத் தடை அதிலும் இருந்தது. கூடவே, பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுதான் மேய்க்க வேண்டும். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்குடம்தான்; குடத்துக்குச் சும்மாடும் துணியில் இருக்கக் கூடாது, வைக்கோலில்தான். சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் விடமாட்டார்கள். மழையை நம்பி ஏதாவது விளைந்தால் அறுவடைக்குத் தயாரானதும் கொள்ளையடிக்கப்படும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

தங்கமும் தண்ணீரும் ஒரே பட்டியலில் வருவதைக் கவனியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கட்டுரை சொல்லவரும் கதை புரியும். நம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் கழுத்தில் குன்றிமணித் தங்கம்கூட ஏறக் கூடாது என்று தீர்ப்பு எழுதப்பட்ட அதே காலத்தில், இந்தியாவில் கிடைத்த தங்கத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார்? கோலார் தங்கவயலின் தமிழ் ஆதிதிராவிடர்கள். அவர்கள் வெட்டிய கல்லை அரைத்த இயந்திரங்களை ஓட்டியது எது? காவிரித் தண்ணீர்.

மின்சாரத்தின் வரலாறு எழுதும் எல்லோரும் சிவசமுத்திரத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், பெருமைக்குரியதுதான். மைசூர் சமஸ்தானத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்ற அருவிகளாக விழும் இடம் அது. மேலே ஆற்றைக் கால்வாயில் திருப்பி, சரிவில் இரும்புக் குழாய்களுக்குள் விட்டு, ஏறத்தாழ 400 அடி கீழே இருந்த விசையாழிகள் மேல் பாய்ச்சினார்கள். விசையாழிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும், மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும் வந்தன. திட்டத்தைத் தூக்கிச் சுமந்தவர் திவான் கே. சேஷாத்ரி அய்யர். பொறியாளர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ராணுவ அதிகாரி ஜோலி டி லோட்பினியர். சேஷாத்ரி அய்யர் 1901-இல் இறந்துவிட, 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலுக்குப் பாய்ந்தது. கம்பி போன தூரம் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர். உலகில் அதுவரை இழுக்கப்பட்ட மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று.

இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆசியாவின் முதல் பெரிய நீர்மின் நிலையம் என்ற பட்டமும் இருக்கிறது. பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான், தங்கவயலுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, என்ற வியப்பும் இருக்கிறது. ஆனால் அந்த 92 மைல் கம்பியின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்ற ஒரு வரியை மட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தங்கவயலுக்கு ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து மின்சாரம் தேவைப்பட்டது? ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880-இல் அங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாகக் கிளம்பின. தங்கம் அங்கே ஆற்றுமணலில் மின்னிக்கொண்டு கிடக்கவில்லை, வெண்கல்லுக்குள் கலந்து கிடந்தது. கல்லை வெட்டி மேலே ஏற்ற வேண்டும், மாவாக இடிக்க வேண்டும், தண்ணீரில் அலச வேண்டும், கடைசியில் பாதரசமோ சயனைடோ கொண்டு பிரிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இரும்பு உலக்கைகள் இரவு பகலாக விழுந்தால்தான் இது நடக்கும். அந்த உலக்கைகளைத் தூக்கிப் போட நீராவி வேண்டும், நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுவட்டக் காடு மொட்டையானது. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு உறுத்தியது. ஆற்றை வேலைக்கு வைத்தால் கூலி மிச்சம் என்று முடிவெடுத்தார்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் அந்தப் பகுதியை அளக்கப் போனபோது உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் ஊர்ச்சனங்கள் ஏற்கெனவே தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் இறங்கியவர்கள் கல்லைக் கூடையில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் போட்டு இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். 100 ஆண்டுகளுக்குப் பிறகு காவிரி செய்த வேலையை அதுவரை செய்தது அந்தப் பெண்களின் தோள்கள். சிவசமுத்திரத்தின் வம்சாவளி எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.

மின்சாரம் வந்ததும் தொழிலாளியின் பாரம் குறைந்ததா? உலக்கைக்கு விறகு சுமக்கிற பாரம் குறைந்திருக்கலாம். ஆனால் மின்சாரம் செய்த முக்கியமான வேலை, சுரங்கத்தை ஆழமாக்கியது. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் இயந்திரங்கள், நீர் இறைக்கும் பம்புகள், ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டுகள் எல்லாம் வலுப்பெற வலுப்பெற, மனிதரை எவ்வளவு ஆழத்துக்கும் இறக்கலாம் என்றாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். மேலிருக்கும் மலையின் கனம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். தங்கவயல்காரர்கள் அதை 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். வெடித்தால் மேலே வீடுகள்கூட அதிரும். தப்பியவர்களுக்குக் கல்தூசி காத்திருந்தது. சிலிக்கோசிஸ் என்ற பெயர் தெரியாமலே இருமி இருமிச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பேரேடும் சரியாகச் சொல்லாது.

அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் போன ஆதிதிராவிடர்கள். (நம் பக்கத்துச் சனம் பெரும்பாலும் இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் கப்பலேறியது. போன திசைதான் வேறு, ஓடிய காரணம் ஒன்றுதான்.) மேலே வெள்ளைக்காரர் பங்களா, கிளப், தோட்டம், விளக்கு. ஊருக்கே 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். கூலி லைன்களிலோ மூங்கில் தட்டி அடைத்த, ஆள் குனிந்து நுழையும் ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கக்கூசு. ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் கண்ட ஊர்களில் ஒன்று என்று பெருமை பேசப்படும் ஊரில், அந்த மின்சாரத்துக்காகவே கீழே இறங்கியவர்களின் தட்டி வீடுகளில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை. தங்கம் வெட்டியவன் தங்கம் திருடுவான் என்பது கம்பெனியின் சித்தாந்தம். கையில் ஒரு துண்டுத் தாதுக்கல் இருந்தாலே குற்றம் என்று சட்டமே இருந்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது சுரங்கங்கள் ஸ்தம்பித்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள்.

1930 என்பதை மீண்டும் சொல்கிறேன். அந்த ஆண்டின் முடிவில்தான் இராமநாதபுரத்தில் அந்த எட்டுத் தடைகள் வந்தன. அங்கே தங்கத்தைத் திருடிவிடுவான் என்று கைரேகை கேட்டார்கள். இங்கே தங்கத்தைப் போட்டுவிடுவான் என்று குடிசையைக் கொளுத்தினார்கள்.

காவிரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் காவிரி என்றாலே டெல்டா, குறுவை, சம்பா, மேட்டூர், நடுவர் மன்றம். இந்தச் சிக்கலின் வேரில் தங்கம் இருப்பதை நாம் பேசுவதே இல்லை. சிவசமுத்திரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கோடையில் ஆறு சுருங்கிவிடும். ஆனால் சுரங்கக் கம்பெனிகளுக்கோ ஒப்பந்தப்படி ஆண்டு முழுவதும் தடையில்லாமல் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். மழைக்காலத் தண்ணீரைத் தேக்கி வைத்து, கோடையில் சிவசமுத்திரத்துக்கு விட ஓர் அணை வேண்டும். 1911-இல் விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடியில் வேலையைத் தொடங்கியதற்குப் பாசனம் ஒரு காரணம் என்றால், தங்கவயலின் மின்சாரம் இன்னொரு காரணம். அந்த அணையின் உயரத்தைப் பற்றித்தான் சென்னை மாகாணமும் மைசூரும் மோதின. 1914-இல் கிரிஃபின் தீர்ப்பு, அதன்மேல் முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம். இன்றுவரை நாம் மேற்கோள் காட்டிச் சண்டை போடும் அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் லண்டன் பங்குதாரர்களின் உலக்கைகள் இடித்துக்கொண்டிருந்தன.

காவிரி உரிமைக் கூட்டங்களில் 'விவசாயி' என்ற சொல் ஆயிரம் தடவை ஒலிக்கிறது. அந்த விவசாயியின் வயலில் நடவு நட்டவரும் அறுத்தவரும் யார் என்று கேட்டால் மேடை கொஞ்சம் நெளிகிறது. காவிரித் தண்ணீர் பாய்ந்த மண்ணில்தான் 1968-இல் கூலி உயர்வு கேட்டதற்காக 44 பேர் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். மேலே கர்நாடகத்தில் அதே ஆறு தலித் தொழிலாளியைப் பாதாளத்துக்கு இறக்கியது. ஆற்றின் மேல் யாருக்கு உரிமை என்று இரண்டு மாநிலங்கள் 100 ஆண்டுகளாக வழக்காடுகின்றன. அந்த வழக்கில் இவர்கள் எந்தத் தரப்பிலும் கட்சிக்காரர்கள் இல்லை.

இதனால் மின்சாரமே வேண்டாம், ஊரோடு இருந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என் பதில் கறாரானது. ஊரோடு இருந்திருந்தால் பதினோரு தடைகள்தான். தங்கவயல் நரகம்தான், ஆனால் அங்கே மிராசுதார் இல்லை. கூலி காசாகக் கிடைத்தது, கைக்குக் கிடைத்தது. சட்டை போட்டதற்கு யாரும் கட்டிவைத்து அடிக்கவில்லை. அந்தக் காசில்தான் பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை எழுந்தது. 1907-இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914-இல் மறைந்தபின் தடுமாறி, 1926 முதல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் வந்தது. யோசித்துப் பாருங்கள். இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று தடை போட்ட 1931-இல், தங்கவயலின் ஆதிதிராவிடர்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார்கள். பகல் முழுக்கக் கல் உடைத்துவிட்டு வந்து புத்தரைப் பற்றியும் சாதியைப் பற்றியும் விவாதித்தார்கள். மின்சாரத்தைக் கொண்டுவந்த திவானுக்கும் கம்பெனிக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் கொடுத்தது கூலி மட்டும், அதுவும் குறைந்த கூலி. மற்றதெல்லாம் இவர்கள் கட்டியது.

என் பாட்டி காதில் நான் பார்த்தது பனையோலைச் சுருள். 'தங்கத்தோடு ஏன் போடல பாட்டி?' என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். 'அதெல்லாம் நமக்கு ஆகாதுடா' என்பாள். வாங்க வசதி இல்லை என்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹட்டனின் பட்டியலைப் படித்த அன்றுதான் 'ஆகாது' என்ற சொல்லின் பொருள் விளங்கியது. அவள் இளம்பெண்ணாக இருந்த காலமும் அந்தப் பட்டியலின் காலமும் ஒன்று. ஐந்து மைல் தள்ளி செட்டிநாட்டு வீடுகளின் கல்யாணங்களில் கழுத்திரு பூட்டியபோது, அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவள் அவள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடிந்தால் நல்லதுதான். நம் மாவட்டத்தில் தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயர் சொர்ணமூர்த்தீஸ்வரர். பெயரிலேயே பொன். அந்தப் பொன்சாமியின் தேர்வடத்தைத் தலித்துகள் தொடும் உரிமைக்காக 1998 முதல் போராட்டம், நீதிமன்றம், போலீஸ் படை. தலித் கை படுவதைவிடத் தேர் ஓடாமலே கிடக்கட்டும் என்பதுபோல் ஆண்டுக்கணக்கில் தேர் ஓடவே இல்லை. தண்ணீருக்கும் தூரம் போக வேண்டாம். பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் நிறுத்தியது அதே தலித் குடியிருப்பின் இளைஞர்களை. 1931-இல் தண்ணீரை மறித்தவர்களுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருந்ததில்லை.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்துவிட்டு. முதல் பத்தாண்டுகளில் அது கட்டி கட்டியாக இங்கிலாந்துக்குப் போனது, மைசூர் அரசுக்கு 5 சதவீத ராயல்டி போனது. வெட்டியவர்களுக்கு மிஞ்சியது சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூசி லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் காவல் வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். நிலுவைத் தொகைக்கும் வீட்டு உரிமைக்கும் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த மண்மேடுகளுக்கும் விலை வந்துவிட்டது. கழிவில் இன்னும் தங்கம் இருக்கிறது. 2024 ஜூனில் 13 மேடுகளை, ஆயிரம் ஏக்கருக்கு மேல், ஏலம் விட்டுத் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த மேடுகளின் ஒவ்வொரு கூடை மண்ணும் ஒரு தலித் தொழிலாளி கீழே இறங்கி வெட்டிக் கொண்டுவந்தது. எனவே ஏல நிபந்தனைகளை எழுதும் அதிகாரிகளிடம் நாம் கேட்பது இவைதான்: பிரித்தெடுக்கும் தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு என்று எழுத்தில் வர வேண்டும், மேட்டைக் கிளறும்முன் தூசிக்கும் சயனைடுக்கும் பாதுகாப்பு என்ன என்று லைன் மக்களிடம் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும், வேலை கிடைக்கும் என்றால் முதல் வேலை மாரிக்குப்பம் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு, ஒப்பந்தக் கூலியாக அல்ல, சம்பளப் பட்டியலில். சிவசமுத்திரத்தில் திவானுக்கும் பொறியாளருக்கும் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்க இடம் இருக்கிறது. அதில் தமிழிலும் கன்னடத்திலும் என்ன எழுத வேண்டும் என்று தங்கவயல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.